யாருக்குத் திறந்திருக்க வேண்டும்? இயங்குதளப் பிழைநீக்கத் தகவலும் அதன் இயல்புநிலை அனுமதிகளும்

லினக்ஸ் ஓடும் ஒரு கணினியில் சாதாரணப் பயனராக நுழைந்து, 'ப்ராக்' அடைவிலுள்ள 'கால்சிம்ஸ்' என்ற கோப்பைத் திறந்தால் நீண்ட பட்டியல் ஒன்று திரையில் ஓடும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கும் ஒவ்வொரு செயற்கூறின் பெயரும் ஒரு வரியில் இருக்கும். பெயருக்கு இடப்பக்கம், அந்தச் செயற்கூறு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரி இருக்க வேண்டும். இன்றைய பெரும்பாலான கணினிகளில் அந்த இடத்தில் பதினாறு பூஜ்யங்கள்தான் தெரியும். அதே கோப்பை முழு அதிகாரமுள்ள ரூட் பயனராகத் திறந்தால் உண்மையான எண்கள் வந்துவிடும். கோப்பு அதேதான், பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்து உள்ளடக்கம் மாறுகிறது.

இந்தப் பூஜ்யங்கள் எல்லாக் கணினிகளுக்குமான இயல்புநிலையாக வந்து சேர 2010 முதல் 2018 வரை ஆனது. நடுவில் ஒரு முறை மூடிப் பார்த்தார்கள், திரும்பத் திறந்தார்கள், இன்னொரு வழியில் மூடினார்கள். இயங்குதளம் தன்னைப் பற்றித் தானே வெளியிடும் தகவலை இயல்பாக யாருக்குக் காட்டுவது என்ற கேள்வியின் வரலாறு முழுவதும் இப்படித்தான் போயிருக்கிறது. லினக்ஸ் கெர்னலின் அனுபவத்தை முதன்மையாக வைத்து அந்தக் கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது. பிழைநீக்கத் தகவல் மூடிய நிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதே இதன் முடிவு. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தகவல் தேவைப்படுபவர் கேட்டுப் பெற முடியும். அதனால் பாதிக்கப்படப் போகிறவருக்கோ அது திறந்து கிடப்பதே தெரியாது. அடுத்தது, மூடியதை நாளை திறந்தால் யாருடைய நிரலும் உடையாது. திறந்ததை நாளை மூடினால் உடையும்.

எவை பிழைநீக்கத் தகவல்?

கணினி தொடங்கும்போதும் ஓடும்போதும் கெர்னல் எழுதும் செய்திகள், 'டிமெசேஜ்' கட்டளையில் தெரிபவை, இவற்றுள் முதலாவது. செயற்கூறுகளின் முகவரிப் பட்டியல், நினைவகம் எந்தெந்த அளவுத் துண்டுகளாகப் பங்கிடப்பட்டிருக்கிறது என்ற கணக்கு, ஒரு நிரலின் மெய்நிகர் முகவரி எந்த மெய் நினைவகப் பக்கத்தைச் சுட்டுகிறது என்ற வரைபடம், செயலியின் செயல்திறன் அளவீடுகள், ஒரு நிரல் இன்னொரு நிரலை உள்ளே புகுந்து பார்க்கும் 'பிட்ரேஸ்' வசதி, நிரல் செயலிழக்கும்போது அதன் நினைவகத்தை அப்படியே கோப்பாக எழுதிவைக்கும் 'கோர் டம்ப்' ஆகிய எல்லாமே இந்த வகையில் அடங்கும்.

இவை எல்லாம் நல்ல நோக்கத்தில் பிறந்தவை. ஒரு சாதனம் ஏன் வேலை செய்யவில்லை, ஒரு நிரல் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க இவை இல்லாமல் முடியாது. ஆனால் பிழையைத் தேடுபவருக்கும் ஓட்டையைத் தேடுபவருக்கும் தேவைப்படுவது ஒரே தகவல்தான். கெர்னலில் ஒரு பிழையைத் திருத்த எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்; அதே பிழையைப் பயன்படுத்தி ரூட் அதிகாரம் பெறவும் அதுவே தெரிய வேண்டும். தகவலைப் பார்த்து இது நல்லது, இது கெட்டது என்று பிரிக்க இயலாது. ஆகவே யார் பார்க்கிறார் என்பதைத்தான் கட்டுப்படுத்த முடியும்.

இங்கே இயல்புநிலை என்பதற்குத் தனி எடை உண்டு. அமைப்பை மாற்றத் தெரிந்த நிர்வாகி எந்த இயல்புநிலையையும் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வார். மாற்றத் தெரியாதவர், மாற்ற வேண்டும் என்றே அறியாதவர், ஒருமுறை நிறுவிவிட்டுப் பத்து ஆண்டுகள் தொடாமல் விட்ட கருவி ஆகியவற்றுக்கு இயல்புநிலையே இறுதி நிலை. 1975இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் கணினித் தகவல் பாதுகாப்பு பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை இதை ஓர் அடிப்படை விதியாகவே வைத்தது: அனுமதி தரப்படும் வரை அணுகல் இல்லை என்பதே தொடக்க நிலையாக இருக்க வேண்டும். விலக்கப்பட வேண்டியவற்றைப் பட்டியலிடும் அமைப்பில் ஒன்றை மறந்தால் அது திறந்து கிடக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். அனுமதிக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் அமைப்பில் ஒன்றை மறந்தால், தேவைப்பட்டவர் உடனே வந்து முறையிடுவார். பிழை வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

முகவரி ஏன் மறைவாக இருக்க வேண்டும்?

லினக்ஸின் மூலநிரல் உலகம் முழுவதும் திறந்திருக்கிறது. அப்படியிருக்க, செயற்கூறின் முகவரியை மட்டும் மறைப்பதில் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2014இல் வெளிவந்த 3.14 பதிப்பில், கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கெர்னலை நினைவகத்தில் வெவ்வேறு இடத்தில் ஏற்றும் வசதி சேர்க்கப்பட்டது. 2017இல் 4.12 பதிப்பிலிருந்து அதுவே இயல்புநிலையாயிற்று. கெர்னலின் நிரல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கணினியில், இந்த முறை, அது எங்கே அமர்ந்திருக்கிறது என்பது ஒரு சாவியைப் போன்ற ரகசியம். வடிவமைப்பை மறைப்பது வேறு, சாவியை மறைப்பது வேறு.

இந்தச் சாவி அவ்வளவு நீளமானதும் அல்ல. 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளில் கெர்னல் நிரலுக்கு ஒதுக்கப்படும் 1 ஜிகாபைட் பரப்பில் 2 மெகாபைட் இடைவெளியில்தான் அதை நகர்த்த முடியும். ஆக, அதிகபட்சம் 512 இடங்கள். முழுக் கெர்னலும் ஒரே அளவில் நகர்வதால், ஏதாவது ஒரு செயற்கூறின் முகவரி கசிந்தாலே மற்ற எல்லாவற்றின் முகவரியும் கழித்தல் கணக்கில் கிடைத்துவிடும். டிமெசேஜ் செய்திகளுக்கு நடுவே ஏதோ ஒரு சாதன இயக்கி அலட்சியமாக அச்சிட்ட ஒரே ஒரு முகவரி போதும். அதனால்தான் இதில் பெரும்பாலானவற்றை மூடினோம் என்று நிம்மதியடைய முடியாது.

2010: ஒரு கோப்பும் தொடங்க மறுத்த ஒரு கணினியும்

2010 நவம்பரில் கால்சிம்ஸ் கோப்பின் அனுமதியை 0400 ஆக்கும் சிறு மாற்றம் கெர்னலில் சேர்க்கப்பட்டது. அதாவது ரூட் மட்டுமே படிக்கலாம். முகவரிகளைத் தாக்குபவருக்கு எளிதில் தரவேண்டாம் என்பதே நோக்கம். சில நாட்களில் கெர்னல் உருவாக்குநர் ஒருவரிடமிருந்து முறையீடு வந்தது. அவருடைய கணினியில் உபுண்டு 9.04 காலத்துப் பழைய 'கேலாக்டி' என்ற பதிவு நிரல் இருந்தது. அந்த நிரலுக்குக் கோப்பைப் படிக்க முடியாமல் போகும் என்ற எண்ணமே இருந்ததில்லை. திறக்க முடியாததும் செயலிழந்தது, கணினி தொடங்கும் பணியே தடைபட்டு நின்றது. சில நிமிடங்கள் கழித்துத்தான் உள்ளே நுழைய முடிந்தது.

லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். விரும்பும் வழங்கல்கள், அதாவது டெபியன், உபுண்டு போன்றவை, தங்கள் தொடக்க நிரலில் ஒரு வரி சேர்த்து மூடிக்கொள்ளட்டும் என்பது அவருடைய முடிவு. பயனரின் கணினியை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸ் கெர்னலின் தலையாய விதி. அந்த விதிப்படி அவர் செய்தது சரி. ஆனால் இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் மூடக் கூடாது என்பதல்ல. பல ஆண்டுகள் திறந்து கிடந்த ஒன்றின்மீது, யாருமே நினைத்திராத நிரல்கள் சாய்ந்து நின்றுவிடுகின்றன. அந்தக் கோப்பு பிறந்த நாளிலேயே 0400 ஆக இருந்திருந்தால் கேலாக்டி அதற்கேற்பவே எழுதப்பட்டிருக்கும்.

அதே காலத்தில் வந்த இரண்டு வசதிகள் இந்த விவாதத்தை மேலும் தெளிவாக்குகின்றன. 2011 ஜனவரியில் வெளிவந்த 2.6.37 பதிப்பில், டிமெசேஜ் செய்திகளைச் சாதாரணப் பயனருக்கு மூடும் 'டிமெசேஜ்_ரெஸ்ட்ரிக்ட்' என்ற அமைப்பு வந்தது. அடுத்த பதிப்பான 2.6.38இல், முகவரிகளை மறைக்கும் 'கேபிடிஆர்_ரெஸ்ட்ரிக்ட்' வந்தது. முதலாவது அணைந்த நிலையிலேயே வெளிவந்தது. இரண்டாவது எரியும் நிலையில் வந்து, செயல்திறன் ஆராயும் 'பெர்ஃப்' கருவி போன்றவற்றில் சிக்கல் எழுந்ததால் 2011 மே மாதத்தில் அணைக்கப்பட்டது. வசதியைப் பறிக்கும் பாதுகாப்பு அம்சங்களைக் கெர்னல் இயல்பாகத் திணிக்காது, வழங்கல்கள் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம்.

பொறுப்பை வழங்கல்களிடம் விட்டதன் விளைவு சீராக இல்லை. முகவரி மறைப்பை உபுண்டு தன் 11.04 பதிப்பிலேயே போட்டது. டிமெசேஜ் கட்டுப்பாட்டையோ டெபியன் 2017இல் வந்த தன் 9ஆம் பதிப்பில்தான் இயல்பாக்கியது. உபுண்டு 2020இல் 20.10 பதிப்பில்தான் அதைச் செய்தது. ஒரு வரி அமைப்பு. அது கையருகே இருந்தும் பரவலாக ஆறு முதல் ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. பாதுகாப்பு வசதி இருக்கிறது என்பதும், அது இயல்பாகவே இயங்குகிறது என்பதும் நடைமுறையில் முற்றிலும் வேறானவை.

அச்சிடும் இடத்திலேயே மறைத்தல்

முகவரியை அச்சிட கெர்னல் நிரலாளர்கள் பயன்படுத்தும் குறி '%பி'. 2011இல் வந்த ஏற்பாடு '%பிகே' என்ற புதிய குறியைத் தந்தது. நிரலாளர் இதைப் பயன்படுத்தினால் அந்த முகவரி மறைப்புக்கு உட்படும். ஒவ்வொரு நிரலாளரும் நினைவில் வைத்து ஒரு எழுத்தைக் கூடுதலாக எழுத வேண்டும். ஆனால் நடந்தது எதிர்பார்க்கக் கூடியதே. 2017இல் எண்ணியபோது கெர்னலில் வெறும் '%பி' ஏறக்குறைய 14,000 இடங்களில் இருந்தது.

அந்த ஆண்டு டோர்வால்ட்ஸ் '%பிகே' முறை தோற்றுவிட்டது என்ற நிலையெடுத்தார். டோபின் ஹார்டிங் எழுதிய மாற்றம் 2018 ஜனவரியில் 4.15 பதிப்புடன் வந்தது. அது விதியைத் தலைகீழாக்கியது. இனி வெறும் '%பி' எழுதினால் முகவரி வராது. கணினி தொடங்கும்போது உருவாகும் ஒரு ரகசிய எண்ணைக் கொண்டு கணக்கிட்ட ஹாஷ் மதிப்பே வரும். உண்மையான முகவரி வேண்டுமென்றால் நிரலாளர் '%பிஎக்ஸ்' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். அப்படி எழுதியவை மதிப்பாய்வில் எளிதில் கண்ணில் படும். ஏன் என்று கேட்கலாம்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. பிழைநீக்குபவருக்குப் பெரும்பாலும் முகவரியின் உண்மை மதிப்பு தேவையில்லை. இங்கே அச்சான பொருளும் அங்கே அச்சான பொருளும் ஒன்றுதானா என்றுதான் தெரிய வேண்டும். ஒரே முகவரிக்கு ஒரே ஹாஷ் வருவதால் அந்தத் தேவை நிறைவேறிவிடுகிறது. தாக்குபவருக்கு வேண்டிய இடத்தகவல் மட்டும் போய்விடுகிறது. தகவலை மொத்தமாகத் தடுக்காமல், எந்தப் பகுதி யாருக்குப் பயன்படும் என்று பிரித்துப் பார்த்ததால் கிடைத்த தீர்வு இது. இதே பதிப்பில்தான் கால்சிம்ஸ் கோப்பிலும் பூஜ்யங்கள் இயல்புநிலையாயின. கோப்பின் அனுமதி, எல்லோரும் படிக்கக் கூடிய 0444 ஆகவே நீடித்தது. திறக்க முடியாமல் எந்தப் பழைய நிரலும் செயலிழக்கவில்லை. 2010இல் தோற்ற நோக்கம், கதவைச் சாத்தாமல் உள்ளே இருப்பதை மறைத்ததால் வென்றது.

விதிகளற்ற கோப்பமைப்பு

கிரெக் குரோவா ஹார்ட்மன் 2004இல் உருவாக்கிய 'டீபக்எஃப்எஸ்', கெர்னல் நிரலாளர்கள் தங்களுக்கு வேண்டிய எதையும் கோப்பாகக் காட்டிக்கொள்ள அமைந்த இடம். 'சிஸ்எஃப்எஸ்' கோப்பமைப்பில் ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்ற கட்டுப்பாடு உண்டு. டீபக்எஃப்எஸ்ஸுக்கு எந்த விதியும் கிடையாது என்று அதன் ஆவணமே சொல்கிறது. அந்தச் சுதந்திரம்தான் அதன் பயன். ஆனால் விதியில்லாத இடத்தில் அனுமதி எண்ணையும் ஒவ்வொரு நிரலாளரும் தம் போக்கில்தான் எழுதினார்கள்.

கெர்னலின் மின் மேலாண்மைப் பகுதியான ஏசிபிஐயில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பார்க்கலாம். கணினியின் ஃபர்ம்வேர் தரும் செயல்முறைகளை மாற்றிச் சோதிக்க, 'கஸ்டம்_மெத்தட்' என்ற கோப்பு டீபக்எஃப்எஸ்ஸில் இருந்தது. அதில் எழுதுவதைக் கெர்னல் தன் முழு அதிகாரத்துடன் இயக்கும். அதன் அனுமதி 0222 என்று வைக்கப்பட்டிருந்தது. யாரும் படிக்க முடியாது. ஆனால் எல்லோரும் எழுதலாம். டீபக்எஃப்எஸ்ஸின் மேல் அடைவு எல்லோருக்கும் திறந்திருந்ததால், அது ஏற்றப்பட்டிருந்த எந்தக் கணினியிலும் சாதாரணப் பயனர் ஒருவர் நேரடியாக ரூட் ஆக முடிந்தது. 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த ஓட்டைக்கான திருத்தம் 0222ஐ 0200 ஆக்கியது. இரண்டு இலக்கங்களில்தான் வித்தியாசம். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நடந்த தேடலில், கைப்பேசிச் சில்லுகளின் பதிவேடுகளை யாரும் மாற்ற விடும் டீபக்எஃப்எஸ் கோப்புகள் வேறு சில சாதன இயக்கிகளிலும் அகப்பட்டன.

கோப்பு கோப்பாகத் திருத்துவது முடிவில்லாத வேலை. 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில் கீஸ் குக் செய்த மாற்றம் மேல் அடைவின் இயல்பு அனுமதியை 0755இலிருந்து 0700 ஆக்கியது. உள்ளே எத்தனை கோப்புகள் தவறான அனுமதியுடன் இருந்தாலும் வாசலிலேயே ரூட் அல்லாதவர் தடுக்கப்படுவார். வேண்டுமென்றே திறக்க விரும்பும் நிர்வாகி, கோப்பமைப்பை ஏற்றும்போது குழுவையும் அனுமதியையும் குறிப்பிட்டுத் திறந்துகொள்ளலாம். ஆயிரம் பேர் சரியாக நடக்க வேண்டியிருந்த ஏற்பாடு, ஒரே இடத்தில் சரியாக இருந்தால் போதும் என்றானது. என் பார்வையில் இந்த வரலாறு முழுவதிலும் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தந்த மாற்றம் இதுதான்.

அது உண்டாக்கிய தேவையும் நல்ல வழியில் நிறைவேறியது. கெர்னலின் ஓட்டத்தைத் தடம் பிடிக்கும் வசதி டீபக்எஃப்எஸ்ஸுக்குள் இருந்ததால், அது ஒன்றுக்காகவே முழு டீபக்எஃப்எஸ்ஸையும் ஏற்ற வேண்டியிருந்தது. 2015இல் 4.1 பதிப்பில் 'டிரேஸ்எஃப்எஸ்' என்று அது தனியே பிரிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு 12 காலத்தில் புதிய கைப்பேசிகளின் விற்பனைப் பதிப்பில் டீபக்எஃப்எஸ்ஸை ஏற்றவே கூடாது என்று கூகுள் வலியுறுத்த முடிந்ததற்கு இந்தப் பிரிவினையும் துணையாயிற்று.

கட்டுப்பாடுகள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. 2019இல் 5.4 பதிப்பில் வந்த 'லாக்டவுன்' ஏற்பாடு, ரூட் பயனரே கெர்னலை மாற்றிவிடாமல் தடுக்கிறது. அந்த நிலையில் டீபக்எஃப்எஸ் கோப்புகளில் 0444 அனுமதி உள்ளவற்றை மட்டும் படிக்கலாம் என்று விதித்தார்கள். விளைவாக, அதைவிடக் கட்டுப்பாடான 0400 அனுமதி வைத்திருந்த கோப்புகளை ரூட்டாலும் படிக்க முடியவில்லை. கவனமாக இருந்த நிரலாளருக்குத் தண்டனையாக அமைந்த இந்த விதி, 2022இல்தான் திருத்தப்பட்டது.

தீங்கற்றவை போலத் தோன்றும் எண்கள்

முகவரி ஆபத்தானது என்பதை ஒப்புக்கொள்பவர்களும், வெறும் எண்ணிக்கைகளால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். நினைவகத் துண்டுகளின் கணக்கைத் தரும் 'ஸ்லாப்இன்ஃபோ' கோப்பை 0400 ஆக்க 2011 மார்ச்சில் டான் ரோசன்பெர்க் முன்வைத்த யோசனை இதே எதிர்ப்பைச் சந்தித்தது. அதில் முகவரியே கிடையாது; எந்த அளவுத் துண்டு எத்தனை பயன்பாட்டில் உள்ளது என்ற எண்ணிக்கைதான் உண்டு. ஆனால் கெர்னல் நினைவகத்தில் தனக்கு வேண்டிய இரு பொருள்களை அடுத்தடுத்து அமர்த்த முயலும் தாக்குபவருக்கு, அந்த எண்ணிக்கை ஏறுவதும் இறங்குவதும் தன் முயற்சி பலிக்கிறதா என்று சொல்லும் அளவுகோல். இன்று அந்தக் கோப்பு ரூட்டுக்கு மட்டுமே.

2015 மார்ச்சில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 'ரோஹேமர்' தாக்குதலைச் செய்து காட்டினார்கள். நினைவகச் சில்லின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பப் படித்து, பக்கத்து வரிசையின் பிட்டுகளைப் புரட்டும் முறை அது. எந்தப் பக்கம் எந்த மெய் முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் 'பேஜ்மேப்' கோப்பு அந்த வேலையை எளிதாக்கியது. உடனே 4.0 பதிப்பில் சாதாரணப் பயனர் அதைத் திறப்பதே தடுக்கப்பட்டது. பேஜ்மேப்பை வேறு நல்ல காரணங்களுக்காகப் பயன்படுத்திய நிரல்கள் உடைந்தன. 4.2 பதிப்பில் அணுகுமுறை மாறியது: கோப்பைத் திறக்கலாம், மெய் முகவரி இருக்கும் பகுதியில் மட்டும் பூஜ்யம் வரும். கால்சிம்ஸில் கற்ற பாடமும் இதுவும் ஒன்றே.

இவற்றைவிட வியப்பூட்டுவது மின் அளவீடு. இன்டெல் செயலி எவ்வளவு ஆற்றல் செலவழித்தது என்பதை மைக்ரோஜூல் கணக்கில் தரும் ஒரு கோப்பு சிஸ்எஃப்எஸ்ஸில் எல்லோருக்கும் திறந்திருந்தது. மின்சாரம் எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பதில் என்ன ரகசியம் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2020 நவம்பரில் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'பிளாட்டிபஸ்' தாக்குதலை வெளியிட்டார்கள். செயலி கையாளும் தரவுக்கேற்ப ஆற்றல் செலவு நுட்பமாக மாறுகிறது. அந்த மாற்றத்தைப் பல முறை அளந்து சேர்த்தால் கெர்னலின் இடமும், சில சூழல்களில் மறையாக்கச் சாவிகளும் வெளிப்படுகின்றன. கெர்னல் அந்தக் கோப்பை 0400 ஆக்கியது. நிரல்களின் ஆற்றல் செலவை ஆராய்ந்துவந்தவர்களின் கருவிகள் சாதாரணப் பயனரின் கையில் வேலை செய்யாமல் போயின. அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. தொடக்கத்திலேயே அந்தக் கோப்புக்குத் தனிக் குழு ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தால் இந்த இழப்பு நேர்ந்திருக்காது.

செயலிழந்த நிரலின் பிரதி

கோர் டம்ப் இவை எல்லாவற்றிலும் கனமானது, ஏனெனில் அதில் நிரலின் நினைவகமே இருக்கிறது: கடவுச்சொல், சாவி, திறந்திருந்த ஆவணம் எல்லாம். அதை யாருடைய பெயரில், எந்த அடைவில், எந்த அனுமதியில் எழுதுவது என்ற முடிவு பலமுறை தவறியிருக்கிறது. 2.6.13 பதிப்பு முதல், ஒரு நிரல் தன் கோர் டம்ப் ரூட் பெயரில் எழுதப்படட்டும் என்று தானே அறிவித்துக்கொள்ள முடிந்தது. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் 'கிரான்' அடைவில் போய் நின்றுகொண்டு வேண்டுமென்றே செயலிழந்தால், அங்கே ரூட்டின் பெயரில் ஒரு கோப்பு உருவாகும்; அதற்குள் தாக்குபவர் வைத்த கட்டளை வரியைக் கிரான் ரூட்டாகவே ஓட்டும். 2006 ஜூலையில் டெபியன் திட்டத்தின் ஒரு சர்வருக்குள் ஓர் உருவாக்குநரின் கணக்கு வழியே புகுந்தவர், இந்த ஓட்டையைக் கொண்டுதான் ரூட் அதிகாரம் பெற்றார்.

இது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 2025 மே மாதத்தில் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், உபுண்டுவின் 'அப்போர்ட்' கருவியிலும் பல வழங்கல்கள் பயன்படுத்தும் 'சிஸ்டம்டி கோர்டம்ப்' கருவியிலும் ஒரே வகை ஓட்டையைக் காட்டினார்கள். சிறப்பு அதிகாரத்துடன் ஓடும் நிரல் ஒன்றைச் செயலிழக்கச் செய்து, அதே அடையாள எண்ணில் வேறு நிரலை மிக வேகமாக நுழைத்தால், டம்ப் சேகரிக்கும் கருவி ஆள் மாறாட்டத்தில் ஏமாந்து முதல் நிரலின் நினைவகத்தைச் சாதாரணப் பயனரிடம் தந்துவிடும். கடவுச்சொல்லின் ஹாஷ்கள் அந்த வழியே கிடைத்தன. அனுமதி எண் சரியாக இருந்தாலும், உரிமையாளர் யார் என்று தீர்மானிக்கும் நொடியில் தவறு நேர்ந்தால் போதும் என்பதற்கு இது சான்று.

திறந்திருக்க வேண்டும் என்போரின் நியாயம்

மூடுவதை எதிர்ப்பவர்களின் வாதங்களை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. முதல் வாதம், திறந்த மூலநிரல் மென்பொருள் பயனர்களின் பிழை அறிக்கைகளால்தான் வளர்கிறது என்பது. டிமெசேஜைப் படிக்கவும் முடியாத ஒருவரால் தன் வைஃபை ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டாவது, மூடினால் மக்கள் 'சூடோ' போட்டு எல்லாவற்றையும் ரூட்டாக ஓட்டப் பழகிவிடுவார்கள். படிப்பதற்கு மட்டும் அனுமதி கேட்டவரின் கையில் முழு அதிகாரமும் போய்ச் சேரும். மூன்றாவது, செயலியின் நேர அளவீட்டைக் கொண்டே கெர்னலின் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று 2016 முதல் பல ஆய்வுகள் காட்டிவிட்டன. அப்படியிருக்கக் கோப்புகளை மூடி என்ன பயன் என்பது.

மூன்றாவது வாதத்தில் உண்மை இருக்கிறது, முடிவு பிழை. ஒரு வழி அடைபடவில்லை என்பது மற்ற வழிகளைத் திறந்துவைக்கக் காரணமாகாது. நேர அளவீட்டுத் தாக்குதலுக்குத் திறமை வேண்டும், செயலிக்குச் செயலி மாறும், தவறவும் செய்யும். கோப்பைப் படிப்பது ஒருபோதும் தவறாது. முதல் இரண்டு வாதங்கள் வலுவானவை. ஆனால் அவை கேட்பது பொதுவாகத் திறந்துவைப்பதை அல்ல. ரூட் அல்லாத ஒரு தனிச் சாவியை. அந்தச் சாவி இல்லாமல் மூடப்பட்ட கதவைத்தான் மக்கள் சூடோவால் உடைக்கிறார்கள்.

செயல்திறன் அளவீட்டின் கதை இதைக் காட்டுகிறது. பெர்ஃப் வசதி எல்லோருக்கும் திறந்திருந்த காலத்தில், 2013இல் அதன் உள்ளேயே ரூட் அதிகாரம் தரும் ஓட்டை ஒன்று அகப்பட்டது. 2016இல் 4.6 பதிப்பு இயல்புநிலையை இறுக்கியது. டெபியன் அதைவிட ஒரு படி மேலே போய், சாதாரணப் பயனருக்கு அதை அறவே மூடியது. வேலைக்கு அது தேவைப்பட்டவர்களுக்கு அப்போது கிடைத்த சாவி, கிட்டத்தட்ட ரூட்டுக்கு நிகரான 'சிஸ்_அட்மின்' அதிகாரம். 2020இல் 5.8 பதிப்பு 'கேப்_பெர்ஃப்மான்' என்ற தனி அதிகாரத்தைத் தந்தது. கெர்னல் செய்திகளுக்கு 'கேப்_சிஸ்லாக்' 2011இலேயே அதுபோலப் பிரிக்கப்பட்டிருந்தது. இறுக்கியதற்கும் சாவி தந்ததற்கும் இடையே கழிந்த ஆண்டுகளில்தான் எரிச்சலும் குறுக்குவழிகளும் பெருகின.

மற்ற இயங்குதளங்களின் வழி

ஆண்ட்ராய்டில் ஓர் ஆப் மற்ற ஆப்களின் பதிவுகளையும் படிக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. 2012இல் 4.1 பதிப்பிலிருந்து ஒவ்வொரு ஆப்பும் தன் பதிவை மட்டுமே பார்க்கிறது. ஆப்பிள் 2016இல் மேக்ஓஎஸ் சியராவில் கொண்டுவந்த பதிவு முறை இன்னும் ஆழமானது: பதிவில் எழுதப்படும் மாறும் சொற்கள் எல்லாம் இயல்பாகவே மறைக்கப்படும், பயனர் பெயரோ கோப்பின் பெயரோ தெரிய வேண்டுமென்றால் நிரலாளர் அதைப் பொதுவானது என்று குறிக்க வேண்டும். எண்கள் மட்டும் இயல்பாகத் தெரியும். விண்டோஸ் 8.1 முதல், குறைந்த நம்பகநிலையில் ஓடும் நிரல்களுக்குக் கெர்னல் முகவரிகள் கிடைப்பதில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் பிழைநீக்கத்துக்கென உள்ள தனி உரிமை இல்லாமல் யாருக்கும் கிடைப்பதில்லை. ஃப்ரீபிஎஸ்டி தன் நிறுவல் திரையிலேயே, கெர்னல் செய்திகளையும் பிறர் நிரல்களையும் சாதாரணப் பயனருக்கு மறைக்கலாமா என்று கேட்கிறது. வேகம் வேறானாலும் எல்லோரும் ஒரே திசையில்தான் நகர்ந்திருக்கிறார்கள். மூடிய நிலையில் தொடங்கிப் பிறகு எல்லோருக்கும் திறந்த குறிப்பிடத்தக்க உதாரணம் எதுவும் இந்த வரிசையில் இல்லை.

எந்த இயல்புநிலையைத் தேர்வது?

இந்த அனுபவங்களிலிருந்து சில முடிவுகள் தெளிவாக வருகின்றன. எழுதும் அனுமதி ரூட்டைத் தாண்டி இயல்பாக யாருக்கும் போகக் கூடாது. கஸ்டம்_மெத்தட் கோப்புக்குப் பிறகு இதில் விவாதத்துக்கு இடமில்லை. படிக்கும் அனுமதியை ஒவ்வொரு கோப்பிலும் சரியாக வைப்பதோடு நிற்காமல், மேல் அடைவிலும் காவல் வேண்டும். ஏற்கனவே திறந்துவிட்ட ஒன்றை மூட நேர்ந்தால், திறப்பதைத் தடுக்காமல் உள்ளிருக்கும் மதிப்பை மறைக்க வேண்டும். மறைக்கும் பொறுப்பு, தகவலை எழுதும் நிரலாளரின் நினைவாற்றலை நம்பியிருக்கக் கூடாது; எதுவும் செய்யாமல் விட்டால் மறைந்தே இருக்க வேண்டும்.

ஒரே தகவல் பல வழிகளில் வெளியே போகும் என்பதையும் மறக்கக் கூடாது. உபுண்டுவில் டிமெசேஜ் கட்டளை சாதாரணப் பயனருக்கு மூடியிருக்கிறது. அதே செய்திகள் கணினிப் பதிவேட்டிலும் சேர்கின்றன. 'ஏடிஎம்' குழுவில் இருப்பவர் அவற்றை அங்கே படிக்கலாம். நிர்வாகி தெரிந்து செய்த ஏற்பாடாக இருந்தால் இது நல்ல சாவிதான். தெரியாமல் நடந்தால் பின்வாசல். பதிவுக் கோப்பு, டம்ப் சேகரிப்பு, பிழை அறிக்கையை வெளியே அனுப்பும் கருவி ஆகிய ஒவ்வொன்றும் மூலத் தகவலுக்கு உள்ள அதே அனுமதியைக் காக்க வேண்டும்.

ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் மடிக்கணினிக்கு இவ்வளவு தேவையா என்று கேட்கலாம். அந்த மடிக்கணினியில் ஓடும் உலாவி, பதிவிறக்கிய விளையாட்டு, யாரோ எழுதிய நிரல் நூலகம் எல்லாமே அந்த ஒருவரின் பெயரில்தான் ஓடுகின்றன. சாதாரணப் பயனர் என்ற சொல் இன்று ஒரு மனிதரைக் குறிப்பதைவிட, அவர் பெயரில் ஓடும் நூறு நிரல்களைத்தான் குறிக்கிறது. பல்கலைக்கழகத்தின் பொதுச் சர்வரிலும், பலருடைய கண்டெய்னர்கள் ஒரே கெர்னலைப் பகிரும் தரவு மையத்திலும் அபாயம் இன்னும் நேரடியானது.

புதிதாக ஒரு பிழைநீக்கக் கோப்பைச் சேர்க்கும் நிரலாளர், 0444 என்று எழுதும் முன் மூன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை யார் உண்மையில் படிக்கப் போகிறார்கள்? அவர்களுக்கு மட்டும் தர ஒரு குழுவோ தனி அதிகாரமோ இருக்கிறதா? இதிலுள்ள எண் இன்னும் பத்தாண்டுகளில் எதற்குப் பயன்படும் என்று என்னால் உறுதி சொல்ல முடியுமா? மூன்றாவது கேள்விக்கு யாராலும் ஆம் என்று பதில் சொல்ல முடியாது. மின் அளவீட்டைத் திறந்துவைத்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர்; அந்தத் தாக்குதல் அப்போது பிறக்கவே இல்லை. எதிர்காலத்தில் என்ன கண்டுபிடிக்கப்படும் என்று தெரியாதபோது, பின்னால் மாற்றிக்கொள்ளக் கூடிய முடிவை எடுப்பதுதான் பொறுப்பான செயல். 0400 அப்படிப்பட்ட முடிவு. தேவைப்பட்டவர் வந்து கேட்கும்போது அதை 0440 ஆக்கி ஒரு குழுவுக்குத் தரலாம். அன்று யாருடைய கணினியும் தொடங்க மறுக்காது.